ஏற்காடு இறக்கத்தில் பிரேக் லிவர் உள்ளே போனது: டிஸ்க் பேடை வீட்டிலேயே மாற்றினால் போதுமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. 2019 மாடல் 150 சிசி பைக், முன்னால் டிஸ்க், முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (திடீரென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு). வாங்கியதிலிருந்து பிரேக் ஆயில் மாற்றியதே இல்லை. மனைவியோடு ஏற்காடு போய்விட்டு ஞாயிறு மாலை இறங்கும்போது முன்பக்கம் கரகரவென்று சத்தம். பாதி கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியதும் லிவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போயிருக்கிறது. ஓரங்கட்டி அரைமணி நேரம் நின்றுவிட்டு எடுத்தால் லிவர் பழையபடி கெட்டியாகிவிட்டது. மறுநாள் மெக்கானிக் பார்த்துவிட்டு "பேட் தேஞ்சுபோச்சு, மாத்திடுங்க" என்றிருக்கிறார். பேட் வாங்கியாயிற்று. வீடியோவில் பத்து நிமிடத்தில் மாட்டுகிறார்களே, நானே மாட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு மறுபடி மலையேறலாமா என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேடை வீட்டில் மாற்றலாமா என்பது ஒன்று. தாராளமாக மாற்றலாம். மாற்றினால் லிவர் உள்ளே போவது நிற்குமா என்பது இன்னொன்று. இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள், ஆனால் கேள்வியில் எழுதவில்லை. நிற்காது. கரகர சத்தம் பேடின் புகார், லிவர் உள்ளே போனது பிரேக் ஆயிலின் புகார். மெக்கானிக் சொன்னது தப்பில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார். சேலத்தில் பட்டறை வைத்திருப்பவன் நான். திங்கட்கிழமை காலையில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய வண்டிகள் இந்த இரட்டைப் புகாரோடு வருவது எனக்குப் பழக்கம்.

ஆயிலை முதலில் பேசிவிடுகிறேன், உயிருக்கு ஆபத்து அங்கேதான். டிஸ்க் பிரேக்கில் லிவரை அழுத்தும் விசையை, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் வரை கொண்டுபோவது ஒரு மெல்லிய குழாயில் இருக்கும் ஆயில். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால்தான் லிவர் கெட்டியாக நிற்கிறது. அந்த ஆயில் கொதித்து ஒரு சிறு குமிழி ஆவி உண்டானால் போதும், ஆவி அமுங்கும். லிவர் உள்ளே போகும், பேட் டிஸ்கைப் பிடிக்காது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், லிவர் கெட்டியாகிவிடும். நீங்கள் எழுதியிருக்கும் அரைமணி நேரக் கதை அப்படியே இதுதான். தேய்ந்த பேட் மட்டும் காரணமாக இருந்தால், வண்டி ஆறியதும் லிவர் தானாகச் சரியாகியிருக்காது.

டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஆனால் இந்த ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஆயில் டப்பா மூடியின் ரப்பர் வழியாகவும் குழாய் வழியாகவும் காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எடையில் சுமார் மூன்றரை சதவீதத்தைத் தாண்டி ஈரம் ஏறிவிட்டால் அதே டாட் 4-க்கு 155 டிகிரிதான் குறைந்தபட்ச உத்தரவாதம். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. "சேலம் வெயிலில் ஈரம் எங்கே வரும்" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வடகிழக்குப் பருவமழையை வாசலில் நனைந்து கழித்த வண்டிக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. வாங்கியதிலிருந்து ஆயில் மாற்றியதே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான கையேடுகள் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம். பளிச்சென்று இருக்கும் ஆயிலிலும் ஈரம் ஏறியிருக்கலாம்.

மலை இந்த ஆயிலை எவ்வளவு சோதிக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,100 மீட்டர் இறங்குகிறீர்கள். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 280 கிலோ என்று வைத்தால், அந்த இறக்கத்தில் கரைக்கவேண்டிய ஆற்றல் சுமார் 30 லட்சம் ஜூல். பத்து லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. இதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்கினால் இன்ஜின் ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். கியரைத் தூக்கிவைத்து, கிளட்சைப் பிடித்தபடி, லிவரில் இரண்டு விரலை வைத்து உரசிக்கொண்டே இருபது வளைவும் இறங்கினால் மிச்சம் முழுக்க பிரேக்குக்குத்தான் போகும். பேட் தேய்ந்து மெலிந்திருந்தால் அந்தச் சூடு, பேடைத் தள்ளும் பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். உங்கள் இரண்டு புகாரும் ஒரே மாலையில் வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆகவே பேடை நீங்கள் மாற்றுங்கள், ஆயிலையும் மாற்றிவிடுங்கள். ஆயில் மாற்றுவதை, அதாவது பழையதை வெளியேற்றி ஏர் எடுப்பதை (குழாயில் மாட்டிய காற்றை நீக்குவதை), முதல் தடவையே ஏபிஎஸ் வண்டியில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய் மாட்டிக்கொண்டால் அதை வெளியே எடுக்கச் சில வண்டிகளுக்குக் கருவி வேண்டும், அது கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் இருக்கும். பேடை வீட்டில் மாற்றிவிட்டு ஆயிலுக்கு மட்டும் பட்டறைக்குப் போவது புத்திசாலித்தனம். டப்பா உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கப்படுகிறதா என்று பாருங்கள். பாதி திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற டப்பாவிலிருந்து ஊற்றினால் புது ஆயில் என்ற பெயர்தான் மிச்சம். வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியின் மேல் எந்த டாட் என்று போட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். டாட் 5 மட்டும் சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம்தான். இந்தப் புள்ளி ஒன்று செய்யும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

இனி பேட். வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும், சாவி எடுத்திருக்க வேண்டும், சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். மாஸ்டர் சிலிண்டர் டப்பா (லிவருக்குப் பக்கத்தில் பிரேக் ஆயில் இருக்கும் டப்பா) மட்டமாக இருக்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்துவிட்டு, டேங்கின் மேல் ஈரத்துணி போடுங்கள். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், துடைத்தால் மட்டும் போதாது. கழற்றுவதற்கு முன் காலிப்பரை நான்கு பக்கமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு இருக்கும், அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பது திரும்ப மாட்டும்போது நிச்சயம் மறந்துபோகும்.

பேடைக் கோர்த்திருக்கும் பின்னை, காலிப்பர் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்களில்) இருக்கும்போதே ஆலன் கீயால் அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். காலிப்பரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறுகிய பின்னோடு மல்லுக்கட்டினால் ஆலன் கீ வழுக்கி பின்னின் தலை உருண்டுவிடும். அப்புறம் அதை வெல்டிங் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆலன் கீயைக் குழிக்குள் முழுசாகத் தட்டி உட்கார வைத்துவிட்டுத் திருப்புங்கள், குழிக்குள் மண் இருந்தால் முதலில் குத்தி எடுங்கள். பிறகு காலிப்பரின் இரண்டு போல்ட். கழன்று வந்த காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஃபோர்க்கில் கட்டிவையுங்கள். ஏபிஎஸ் சென்சார் ஒயர் அந்தப் பக்கமே போகும், அதை இழுத்துவிட வேண்டாம். இதற்குப் பிறகு, எல்லாம் திரும்ப மாட்டும் வரை, யாரும் லிவரைத் தொடக் கூடாது. தொட்டால் பிஸ்டன் வெளியே வந்து விழும், வேலை இரண்டு மடங்காகும். பைக்கில் ஏறி உட்கார்ந்து "டுர்ர்" விடும் வயதில் வீட்டில் பிள்ளை இருந்தால் அன்றைக்குத் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கழற்றிய பழைய பேடைத் தூக்கிப் போடாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது பேட் மாட்டும் அவசரத்தில் இதை யாரும் செய்வதில்லை, ஆனால் காலிப்பரின் உடல்நிலை முழுக்க அதில் எழுதியிருக்கும். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் நல்லது. ஒன்று தகடு தெரியத் தேய்ந்து மற்றது பாதி மிச்சம் இருந்தால் காலிப்பர் நகர வேண்டிய ஸ்லைடர் பின் இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். ஒரே பேட் ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் அதேதான் காரணம். முகம் கண்ணாடி போலப் பளபளத்தால் சூடு ஏறி இறுகியிருக்கிறது. உங்கள் வண்டியில் இதை எதிர்பார்க்கிறேன். முகம் கறுத்து எண்ணெய்ப் பசையாக இருந்தால் ஃபோர்க் ஆயில் சீல் கசிகிறதா என்று மேலே பாருங்கள். சத்தம் வருகிறது என்று துரு எடுக்கும் ஸ்ப்ரேயை டிஸ்கில் அடித்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். சத்தம் நின்றுவிடும், பிரேக்கும் சேர்ந்து நின்றுவிடும். எண்ணெய் குடித்த பேடை நெருப்பில் காட்டி எடுத்தால் சரியாகும் என்று சொல்வதை நம்ப வேண்டாம், அது குப்பைக்குத்தான்.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் சுத்தம் செய்தாக வேண்டும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து நின்றிருக்கும், அந்த வெளிநீட்டம் முழுக்க பிரேக் தூசியும் மண்ணும் அப்பியிருக்கும். கருப்பூர் மேக்னசைட் சுரங்கப் பக்கம் தினமும் ஓடும் வண்டிகளில் அது சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியே தள்ளினால் மண் நேராகச் சீலுக்குள் போய் அறுக்கும். பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர், இவ்வளவு போதும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் கிட்டே வரக் கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிவிடும். காற்றடித்து ஊதவும் வேண்டாம். அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதில்லை, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பிறகு மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்துவிட்டு, பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, ஒரு மரக்கட்டையால் மெதுவாக நெம்பித் தள்ளுங்கள். இரண்டு பிஸ்டன் இருந்தால் ஒன்றைத் தள்ளும்போது மற்றது வெளியே வரும், அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் பிஸ்டன் அதே அளவு ஆயிலை மேலே தள்ளும். தேய்ந்த பேடினால் மட்டம் இறங்கியிருந்ததைப் பார்த்து இடையில் யாராவது ஆயில் நிரப்பியிருந்தால் இப்போது நிரம்பி வழியும். ஒரு ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஏபிஎஸ் வண்டியில் இந்த அழுக்கு ஆயிலை மேலே தள்ளாமல் காலிப்பரில் ஆயிலை வெளியேற்ற இருக்கும் ப்ளீடர் நிப்பிளைத் திறந்து கீழேயே வெளியேற்ற வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். மெக்கானிக்குகளுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. காற்று உள்ளே போகும் வாய்ப்பு அதிகம் என்பதால் வீட்டில் செய்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் எப்படியும் ஆயிலை மாற்றப் போகிறீர்கள்.

ஸ்லைடர் பின்னை உருவி எடுத்துத் துடைத்து, கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு நகரும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். சிலிக்கான் பிரேக் கிரீஸை மெலிசாகத் தடவுங்கள். செயின் கிரீஸ், பேரிங் கிரீஸ் கூடாது, ரப்பர் உறை உப்பிப் பின்னைக் கவ்விக்கொள்ளும். என் பட்டறைக்கு வரும் சீரற்ற தேய்மானங்களில் பெரும்பாலானவை இந்தப் பின்னைத் தொடாமலே பேட் மட்டும் மாற்றிய வண்டிகள்தான். பத்து நிமிட வீடியோ பத்து நிமிடத்தில் முடிவதும் இந்த வேலையைத் தவிர்ப்பதால்தான். சுத்தமாகச் செய்தால் முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

டிஸ்கின் மேலேயே குறைந்தபட்ச கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும். வெர்னியர் இருந்தால் அளந்து பாருங்கள். ஓரத்தில் விரல் நகம் தட்டும் அளவுக்கு வரப்பு இருந்தால் கட்டாயம் அளக்க வேண்டும். கரகர சத்தம் தகடு டிஸ்கில் உரசியதால் வந்திருந்தால் டிஸ்கில் வட்டக் கோடுகள் ஆழமாக விழுந்திருக்கும். அது எவ்வளவு ஆழம், அதே டிஸ்க் தாங்குமா என்பதை எழுத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, யாராவது கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது லிவர் கையில் துடித்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள். துடித்திருந்தால் டிஸ்க் நெளிந்தோ, ஒரு இடம் கனமாகவும் ஒரு இடம் மெலிந்துமோ இருக்கலாம். புது பேட் அதைச் சரிசெய்யாது.

புது பேடின் உரசும் முகத்தைக் கையால் தொடாமல், அந்த முகம் டிஸ்கைப் பார்க்கும்படி மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், இரும்புத் தகட்டுப் பக்கம் டிஸ்கைப் பார்க்கும்படி மாட்டி ஓட்டி வந்த வண்டிகள் உண்டு. ஸ்பிரிங் தகட்டைப் படத்தைப் பார்த்து வையுங்கள். காலிப்பரை டிஸ்கில் ஏற்றி, போல்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கி, பேட் பின்னையும் கடைசியாக இறுக்கி, டிஸ்கை பிரேக் கிளீனராலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலோ துடையுங்கள். மாஸ்டர் சிலிண்டர் மட்டத்தைப் பார்த்து மூடியை மூடுங்கள்.

அடுத்தது, வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், லிவரை மெதுவாகப் பலமுறை அழுத்துங்கள். நீங்கள் உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடை வந்து தொடும் வரை முதல் சில அழுத்தங்களுக்கு லிவர் காலியாகவே உள்ளே போகும். இதை மறந்துவிட்டு வாசலிலிருந்து தெருவுக்கு வண்டியை இறக்கினால் முன் பிரேக்கே இல்லாமல்தான் இறங்குவீர்கள். லிவர் கெட்டியானதும் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். லேசான உரசல் சத்தம் வரலாம், சக்கரம் இறுகக் கூடாது.

புது பேட் மாட்டியவுடன் முழுசாகப் பிடிக்காது. அடுத்த ஞாயிறு ஏற்காடு என்ற திட்டத்தில் எனக்குத் தயக்கம் இதனால்தான். பேடின் முகமும் டிஸ்கின் முகமும் ஒன்றோடொன்று பழக வேண்டும். காலை ஆறு மணிக்கு வண்டி நடமாட்டம் இல்லாத மட்டமான சாலைக்குப் போய், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை மிதமாகப் பிடித்துக் குறையுங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம். கொஞ்ச தூரம் ஆறவிட்டு மறுபடி. இருபது முப்பது தடவை இப்படிச் செய்தால் பிடிப்பு ஏறுவது கையிலேயே தெரியும். பிறகு இரண்டு மூன்று நாள் ஊருக்குள் சாதாரணமாக ஓட்டுங்கள். கொஞ்சம் கீச்சொலி வந்தால் இந்த நாட்களில் கவலைப்பட வேண்டாம். அதன் பிறகும் நிற்காவிட்டால் பேட் தரமா, டிஸ்க் முகமா, ஸ்பிரிங் தகடா என்று தேட வேண்டியிருக்கும், சில நேரம் காரணம் கிடைக்காமலேயே போவதும் உண்டு. மாட்டிய அன்றே மலையிறக்கத்தில் கொண்டுபோய்க் காய்ச்சினால் புது பேடும் பழையது மாதிரியே கண்ணாடியாகிவிடும்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. பேட் மாற்றும் முறை ஏறத்தாழ இதேதான். ஆனால் கியர் இல்லாத வண்டியில் இன்ஜின் பிடிப்பு குறைவு, ஆகவே அந்த 30 லட்சம் ஜூலில் பெரும்பங்கு பிரேக்குக்கே வரும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, கையை முழுசாக எடுத்து ஆறவிட்டு, அடுத்த வளைவில் மறுபடி பிடித்து இறங்குங்கள். விடாமல் லேசாக உரசிக்கொண்டே இறங்குவதுதான் சூட்டைத் தேக்கும். இடையில் எங்காவது நின்று ஆறவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சூடான டிஸ்கில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.

பேடும் ஆயிலும் மாற்றிய பிறகு வீட்டு வாசலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். லிவரை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்தபடி இருங்கள். அசையாமல் நின்றால் சரி. வெளியே எங்கும் கசிவே இல்லாமல் லிவர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை அழுத்தினால் கெட்டியானால் காற்று மிச்சமிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் வண்டியை உருட்டியோ ஏற்றியோ பட்டறைக்குக் கொண்டுபோங்கள், ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.